ரத்தத்தில் எது குறை? – டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவின் வாழ்க்கை

நம் ஊர்ப்பக்கம் ஒருவர் முகம் வெளுத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினால், ரத்தம் கம்மி என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்துவிடுவோம். பேரீச்சம்பழம் சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு, ஒரு சத்து டானிக் வாங்கிக் குடி என்று ஆளுக்கொரு யோசனையும் சொல்வோம். கன்னிவாடியிலும் ரெட்டியார்சத்திரத்திலும் இதுதான் வழக்கம், பெரிய பட்டணங்களிலும் இதுதான் வழக்கம். ஆனால் ரத்தத்தில் என்ன கம்மி, எவ்வளவு கம்மி, ஏன் கம்மி என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் கொடுக்கும் மருந்து பல நேரம் வீண். சில நேரம் ஆபத்து.

அந்தக் கேள்விகளைக் கேட்பதற்கென்றே வாழ்ந்ததுபோல் வாழ்ந்து, 53 வயதில் மறைந்த ஒரு மாமனிதரைப் பற்றி நம் முன்னாள் மாணவர்களும், இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர்தான் டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னையில் படித்தவர், அமெரிக்காவில் உழைத்தவர். இன்று உலகம் முழுக்கக் கர்ப்பிணிகள் விழுங்கும் ஃபோலிக் அமில மாத்திரைக்கும், யானைக்கால் நோய்க்கு நம் தெருவிலேயே வந்து கொடுத்த மாத்திரைக்கும், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்குக் கிடைத்த முதல் மருந்துக்கும் பின்னால் இருந்தவர். இவ்வளவு இருந்தும் பேர் மட்டும் வெளியே தெரியாமல் போனவர்.

வாழைப்பழ வியாபாரக் கனவு

1895 ஜனவரி 12-ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரம் என்ற ஊரில் சுப்பாராவ் பிறந்தார். கோதாவரிக் கரைச் சீமை அது. ஏழு பிள்ளைகள் உள்ள குடும்பம். படிப்பில் பையனுக்கு அவ்வளவாக நாட்டமில்லை. 13 வயதில் வீட்டைவிட்டு ஓடிப்போனார். எதற்கு? காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பெரிய பணக்காரனாகி விடலாம் என்று ஒரு கனவு. பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டு வந்து, தாயார் வெங்கம்மா மறுபடியும் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். அந்த அம்மையார் கண்டிப்பானவர். அவர் மட்டும் விட்டிருந்தால் காசியில் ஒரு பழக்கடை கூடியிருக்கும், மருத்துவ உலகில் ஒரு பெரிய இடம் காலியாக இருந்திருக்கும்.

ஓடிப்போனவர் திரும்பி வந்ததும் முதல் மாணவராகிவிட்டார் என்று எண்ண வேண்டாம். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் முதல் தடவை ஃபெயில். இரண்டாம் தடவையும் ஃபெயில். சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாவது முறைதான் தேறினார். அரியர்ஸ் வைத்திருக்கும் நம் மாணவச் செல்வங்கள் இந்த வரியை இன்னொரு தரம் படித்துக்கொள்ளலாம். ஆனால் அடுத்த வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்றாவது முறை தேறியவர் அதன்பின் படிப்பை விடவே இல்லை.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தின்மேல் பெரிய ஈடுபாடு உண்டாயிற்று. சந்நியாசம் வாங்கிக்கொள்கிறேன் என்று போய் நின்றார். தாயார் சம்மதிக்கவில்லை. மடத்துத் துறவிகளும், மருத்துவம் படித்து மக்களுக்குத் தொண்டு செய்வதே உனக்கு ஏற்ற வழி என்று திருப்பி அனுப்பினார்கள். 1915-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கையில் காசில்லை. நண்பர்கள் உதவினார்கள். கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பவர் படிப்புச் செலவில் கைகொடுத்தார். அவருடைய மகள் சேஷகிரியை 1919-இல் சுப்பாராவ் மணந்தார்.

கதர் அங்கியும் எல்.எம்.எஸ். பட்டமும்

அது தேசம் விழித்தெழுந்த காலம். காந்தியடிகள் அந்நியத் துணியை விலக்கச் சொன்னதும், சுப்பாராவ் அறுவை சிகிச்சைக் கூடத்துக்குக் கதர்த் துணியில் தைத்த அங்கியோடு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியராக இருந்த பிராட்ஃபீல்ட் என்ற வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளையெல்லாம் நன்றாக எழுதியும், கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கைக்கு வந்தது. அரசு மருத்துவப் பணிக்கு முயன்றார், கிடைக்கவில்லை. டாக்டர் லட்சுமிபதி சென்னையில் நடத்திவந்த ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு ஆசிரியரானார்.

இதற்கிடையே வீட்டில் விழுந்த இடி கொஞ்சமல்ல. உடன்பிறந்த சகோதரர்கள் இருவர், ஒருவர்பின் ஒருவராகச் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள். நோய், வெப்பநாட்டு ஸ்ப்ரூ. சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. ஓயாத வயிற்றுப்போக்கு, நாக்கு வெந்துபோகும், ரத்தம் வெளுத்துக்கொண்டே வரும், உடம்பு உருகிவிடும். அன்றைக்கு அதற்கு மருந்து கிடையாது. என்ன காரணம் என்றே தெரியாது. சுப்பாராவுக்கும் அந்த நோய் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத வைத்தியத்தில் பிழைத்துக்கொண்டார். கண்ணெதிரே கூடப்பிறந்தவர்கள் ரத்தம் வற்றிப் போனதைப் பார்த்தவருக்கு, அந்த ரத்தத்தில் எது இல்லாமல் போனது என்ற கேள்வி மனசில் முள்ளாய்த் தைத்துவிட்டது. பிறகு அவர் செய்த வேலைகளில் பெரும்பகுதி அந்தக் கேள்வியைச் சுற்றியே வந்தது.

மாமனார் திரட்டித் தந்த பணத்தோடு, 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கர்ப்பிணி மனைவியை ஊரில் விட்டுவிட்டுப் போனார். பிறந்த ஆண் குழந்தை தகப்பன் முகம் பார்க்காமலே ஒரு வயதுக்குள் இறந்துவிட்டது. சுப்பாராவ் கடைசிவரை திரும்பி வரவே இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பாராட்டுவது கஷ்டம். பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதும்போது, அதற்கு விலை கொடுத்தவர்கள் வீட்டுப் பெண்கள் என்பதை விட்டுவிட்டு எழுதக்கூடாது. சேஷகிரி அம்மையார் பல வருஷம் காத்திருந்தார். கணவர் வரவில்லை, அவர் இறந்த சேதிதான் வந்தது.

நீல நிறம் சொன்ன கணக்கு

பாஸ்டனில் ஹார்வர்டின் வெப்பநாட்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே! ஒரு மருத்துவமனையில் இரவு வேலைக்குச் சேர்ந்து நோயாளிகளின் மலச்சட்டி கழுவினார். டாக்டர் படிப்புப் படித்தவர் என்று அவர் கூச்சப்படவில்லை. பகலில் படிப்பு, இரவில் சட்டி கழுவல்.

பிறகு சைரஸ் ஃபிஸ்கே என்பவரின் உயிர்வேதியியல் கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கே அவர் தொட்ட முதல் வேலை, ரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரஸை அளப்பது. அதுவரை இருந்த முறைகள் நேரம் பிடிப்பவை, நம்பகமும் குறைவு. இருவரும் சேர்ந்து 1925-இல் ஒரு புதிய முறையை வெளியிட்டார்கள். மாதிரியோடு மாலிப்டேட் உப்பைச் சேர்த்து, அதன்மேல் இன்னொரு வேதிப்பொருளைச் சேர்த்தால் நீல நிறம் வரும். பாஸ்பரஸ் எவ்வளவு அதிகமோ, நீலம் அவ்வளவு அழுத்தம். நிறத்தின் அழுத்தத்தை அளந்தால் பாஸ்பரஸ் அளவு தெரிந்துவிடும். இதுதான் ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை. நம் விலங்கியல், வேதியியல் மாணவர்கள் பிராக்டிகல் ரெக்கார்டில் எழுதியிருப்பார்கள். அந்த சுப்பாராவ் இவர்தான் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த முறையைத் தசைகளில் செய்து பார்த்தபோது ஒரு சிக்கல் வந்தது. நீலம் உடனே முழுசாக வரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தாமதமாக ஏறியது. வேறு யாராக இருந்தாலும் மருந்து சரியில்லை என்று கொட்டிவிட்டு மறுபடி செய்திருப்பார்கள். இவர்கள் ஏன் தாமதம் என்று துருவினார்கள். தசைக்குள் பாஸ்பரஸ் வேறொரு பொருளோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது, சோதனைக்குழாயில் அது மெல்ல மெல்லப் பிரிவதால்தான் தாமதம் என்று தெரிந்தது. அதுவே 1927-இல் வெளிவந்த பாஸ்போகிரியாட்டின் கண்டுபிடிப்பு. 1929-இல் ஏ.டி.பி. எனப்படும் அடினோசின் ட்ரைபாஸ்பேட்டையும் தசையிலிருந்து பிரித்தார்கள். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதைக் கண்டார். முதலில் வெளியிட்டவர் என்ற பெயர் அவருக்குப் போயிற்று. உடம்பின் ஒவ்வொரு அசைவுக்கும் சக்தி தரும் பொருள் இது என்பதைப் பிளஸ் டூ மாணவர்கூட அறிவார்.

1930-இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போனார். விரைவிலேயே அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் தலைமை அவரிடம் வந்தது.

ஈரலும் கீரையும்

இங்கே கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 1920-களில் ரத்தசோகை ஆராய்ச்சி உலகமெங்கும் சூடு பிடித்திருந்தது. அமெரிக்காவில் விப்பிள் என்ற அறிஞர், நாய்களின் ரத்தத்தை எடுத்துச் சோகை உண்டாக்கி, எந்த உணவு கொடுத்தால் ரத்தம் வேகமாக ஊறுகிறது என்று பார்த்தார். ஈரல்தான் முதலிடம் பிடித்தது. அதைப் பார்த்து மைனட், மர்ஃபி என்ற இருவர், அன்று உயிர்க்கொல்லியாக இருந்த ஒருவகைச் சோகை நோயாளிகளுக்குத் தினமும் ஈரலைக் கொடுத்தார்கள்; நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். 1934-இல் மூவருக்கும் நோபல் பரிசு.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விப்பிளின் நாய்களுக்கு ரத்தம் ஊறியதற்கு முக்கியக் காரணம் ஈரலில் இருந்த இரும்புச்சத்து. மைனட்டின் நோயாளிகள் பிழைத்ததற்குக் காரணம் அதே ஈரலில் இருந்த வேறொரு பொருள், பின்னாளில் வைட்டமின் பி12 என்று பெயர் பெற்றது. உணவு ஒன்று, குறை இரண்டு. வெளுத்த முகத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

மூன்றாவதாக ஒரு குறையும் இருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தது நம் நாடு. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர், பம்பாயில் ஏழை மில் தொழிலாளிப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான சோகையால் இறப்பதை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தால் அவர்கள் தேறுகிறார்கள் என்று 1931-இல் எழுதினார். ஈஸ்டில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. 1941-இல் அமெரிக்காவில் சிலர் 4 டன் பசலைக்கீரையை வடித்துச் சிறிதளவு பொருளைப் பிரித்து, இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

டன் கணக்கில் கீரையை வேகவைத்து நோயாளிகளுக்கு மருந்து கொடுக்க முடியுமா? தொழிற்சாலையில் செய்ய முடிந்தால்தான் அது மருந்து. அந்தப் பாரத்தை சுப்பாராவின் குழு சுமந்தது. ஈரலிலிருந்து பிரித்தார்கள், அதன் அமைப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படித்தார்கள், 1945-இல் செயற்கையாகவே செய்து காட்டினார்கள். அந்த மருந்து ஸ்ப்ரூ நோயாளிகளுக்குப் போனபோது அவர்கள் தேறினார்கள். சகோதரர்கள் போய்ச் சேர்ந்து கால் நூற்றாண்டு ஆகிவிட்டிருந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது.

விடை கிடைத்ததோடு ஒரு எச்சரிக்கையும் வந்தது. பி12 குறைவால் வந்த சோகைக்கு ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தால் ரத்தம் தேறிவிடும். ஆனால் நரம்புகள் கெட்டுக்கொண்டே போகும். வெளியே பார்த்தால் குணமானது மாதிரி, உள்ளே கால் மரத்து நடை தள்ளாடும். 1948-இல்தான் பி12 தனியே பிரிக்கப்பட்டது. மருந்து நல்லதுதான், ஆனால் எந்தக் குறைக்கு என்று தெரிந்து கொடுத்தால்தான் நல்லது.

ஒரு மருந்தும் அதன் எதிரியும்

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளைப் பார்த்து வந்தார். அந்தக் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்தபோது, நோய் தணிவதற்குப் பதில் வேகமெடுத்தது போல அவருக்குத் தெரிந்தது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் ஒரு பொருளைக் கொடுத்தால்? சுப்பாராவின் கூடத்தில் அப்படிப்பட்ட பொருள்களை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். பார்த்தால் ஃபோலிக் அமிலம் மாதிரியே இருக்கும். செல் ஏமாந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் வேலை நடக்காது. அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்ததில் 10 பேருக்கு முன்னேற்றம் தெரிந்ததாக 1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்டார். அந்த முன்னேற்றம் சில மாதங்களே நின்றது. ஆனால் மருந்தால் ரத்தப் புற்றுநோயைத் தணிக்க முடியும் என்பதே அதுவரை யாரும் காணாத ஒன்று.

அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்களுக்குக் கூடவே ஃபோலிக் அமிலமும் எழுதித் தருவார்கள். ஒரே சீட்டில் சுப்பாராவின் கூடத்து மருந்துகள் இரண்டு! (மெத்தோட்ரெக்சேட் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. கிட்னி பழுதானவர்களுக்கு அது விஷமாகிவிடும். ஆகவே கிட்னிக் கோளாறு உள்ளவர்கள் மூட்டுவலிக்கு மருந்து கேட்கும்போது அதைச் சொல்லாமல் விடக்கூடாது.)

இதே காலத்தில் அவர் தலைமையில் ஹெட்ரசான் என்ற மருந்து 1947-இல் வெளிவந்தது. டைஎதில்கார்பமசின் என்று சொன்னால் சுகாதாரத் துறையில் வேலை பார்த்த நம் முன்னாள் மாணவர்களுக்குச் சட்டென்று புரியும். யானைக்கால் நோய்த் தடுப்புக்கு ஊர் ஊராகப் போய்க் கொடுத்த மாத்திரை அது. டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்தான ஆரியோமைசின், பெஞ்சமின் டக்கர் என்ற முதிய தாவரவியல் அறிஞரால் அதே கூடத்தில் கண்டெடுக்கப்பட்டு 1948-இல் வெளிவந்தது. 70 வயதைத் தாண்டிய, வேறிடத்தில் ஓய்வுபெற்ற அந்த மனிதருக்கு அந்தக் கூடத்தில் வேலை இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது.

டயாலிசிஸ் படுக்கையருகே

சுப்பாராவின் வேலை இன்று எங்கே நம் கண்முன் நிற்கிறது என்று கேட்டால், டயாலிசிஸ் பிரிவைத்தான் காட்டுவேன். இன்று நம் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் என்று சொல்லுமளவுக்கு, சர்க்கரையாலும் ரத்தக் கொதிப்பாலும் கிட்னி பழுதாகித் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ வாரம் 2, 3 தடவை போய் வருகிறவர்களைப் பார்க்கிறோம். ஒவ்வொரு தடவையும் 4 மணி நேரம் ரத்தம் இயந்திரத்துக்குள் போய்ச் சுத்தமாகி வருகிறது. ஃபோலிக் அமிலத்தை சுப்பாராவ் தேடிக்கொண்டிருந்த அதே 1940-களில்தான், போர்க்கால ஹாலந்தில் கோல்ஃப் என்ற மருத்துவர் முதல் செயற்கைச் சிறுநீரகத்தைச் செய்துகொண்டிருந்தார்.

டயாலிசிஸ் நோயாளியின் ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்துப் பாருங்கள். பாஸ்பரஸ் என்று ஒரு வரி இருக்கும். பழுதான கிட்னியால் பாஸ்பரஸை வெளியேற்ற முடியாது; அது ரத்தத்தில் ஏறி, எலும்பைக் கெடுத்து, ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியச் செய்யும். 1925-இல் சுப்பாராவ் அளக்க வழி சொன்னது இதைத்தான். இன்று தானியங்கி இயந்திரம் அளக்கிறது. ஆனாலும் மாலிப்டேட்டை வைத்து அளக்கும் அந்த அடிப்படை வேதியியல் பெரும்பாலும் தொடர்கிறது.

அடுத்த வரி ஹீமோகுளோபின். டயாலிசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது குறைவாகவே இருக்கும். ஏன்? இங்கேதான் சுப்பாராவின் கேள்வி மறுபடி எழுகிறது. ஒரு காரணம், ரத்தம் ஊறச் சொல்லி எலும்பு மஜ்ஜைக்குக் கட்டளையிடும் எரித்ரோபாய்ட்டின் என்ற சுரப்பைக் கிட்னிதான் செய்கிறது. கிட்னி கெட்டால் கட்டளை நின்றுவிடுகிறது. 1989-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரித்ரோபாய்ட்டின் ஊசி இந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் ஊசி போட்டும் சிலருக்கு ரத்தம் ஏறவில்லை. கட்டளை வந்துவிட்டது, கட்டுவதற்குச் செங்கல் இல்லை! அந்தச் செங்கல்தான் இரும்புச்சத்து.

ஒவ்வொரு டயாலிசிஸிலும் குழாயிலும் வடிகட்டியிலும் கொஞ்சம் ரத்தம் தங்கிப் போகும். பரிசோதனைக்கு அடிக்கடி எடுக்கும் ரத்தம் வேறு. இப்படியே வருஷத்துக்கு 1 முதல் 3 கிராம் வரை இரும்பு போய்விடும். மனித உடம்பில் மொத்தமாக இருப்பதே 3, 4 கிராம்தான். போதாக்குறைக்கு நீரில் கரையும் ஃபோலிக் அமிலமும் டயாலிசிஸில் கரைந்து போகும்.

சரி, இரும்பு குறைந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஃபெரிட்டின் என்ற பரிசோதனை, உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பைக் காட்டும். குதிருக்குள் எவ்வளவு நெல் இருக்கிறது என்று பார்ப்பது மாதிரி. சாதாரணமாக ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது நல்ல அளவுகோல். ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு ஏதாவது ஒரு புண், சளி, குழாய் வைத்த இடத்தில் கிருமி என்று உள்ளுக்குள் அழற்சி இருந்துகொண்டே இருக்கும். அழற்சி இருந்தால் இரும்பு இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் எண் ஏறி நிற்கும். ஆகவே மற்றவர்களுக்குப் போதும் என்று சொல்லும் எண்ணை இவர்களுக்குப் போதாது என்று கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்னொரு பரிசோதனை டிரான்ஸ்ஃபெரின் செறிவு. ரத்தத்தில் இரும்பைச் சுமந்து போகும் வண்டிகளில் எத்தனை சதவீதம் பாரம் ஏற்றியிருக்கிறது என்று அது காட்டும். 20 சதவீதத்துக்கும் கீழே போனால் மஜ்ஜைக்கு இரும்பு போய்ச் சேரவில்லை என்று பொருள். சிலருக்கு ஃபெரிட்டின் எண் ஏறியிருக்கும், டிரான்ஸ்ஃபெரின் செறிவு குறைந்திருக்கும். குதிரில் நெல் இருக்கிறது, ஆனால் கதவு பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டு, ஈரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற பொருள். இது 2000-ஆம் ஆண்டையொட்டித்தான் தெரியவந்தது. ஆக, ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு கட்டினால் தவறு. இரண்டையும் சேர்த்து, நோயாளியின் நிலையோடு வைத்துப் படிக்க வேண்டும். ஐயம் தீராவிட்டால் எலும்பு மஜ்ஜையை எடுத்துச் சாயமிட்டுப் பார்ப்பது பழைய, ஆனால் உறுதியான வழி. இரும்பு இருந்தால் அங்கே தெரியும் நிறமும் நீலமே.

சரியாகக் கண்டுபிடிப்பதால் என்ன லாபம்? 2019-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், டயாலிசிஸ் தொடங்கிய 2,141 நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு இரும்பு வற்றும்வரை காத்திராமல், அளவைக் கண்காணித்தபடி மாதாமாதம் நரம்பு வழியாகக் கொடுத்தார்கள்; மறு பிரிவுக்குக் குறைந்த பிறகுதான் கொடுத்தார்கள். முன்கூட்டிக் கொடுத்த பிரிவில் இதய நோய்த் தாக்குதலும் மரணமும் சேர்ந்த கணக்கு குறைவு. எரித்ரோபாய்ட்டின் ஊசியும் குறைவாகவே தேவைப்பட்டது. அதற்காக இரும்பை அள்ளிக் கொடுத்துவிடவும் கூடாது. எண்கள் ஒரு எல்லையைத் தாண்டியதும் அந்த ஆய்விலேயே நிறுத்திவிட்டார்கள். அளந்து கொடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பேர் தெரியாமல் போனவர்

1948 ஆகஸ்டில் ஒருநாள் இரவு படுக்கப் போன சுப்பாராவ் தூக்கத்திலேயே இறந்துபோனார். மாரடைப்பு. வயது 53. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டே மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்கக் குடியுரிமை பெறாமலே அவர் மறைந்தார். இந்தியா சுதந்திரமடைந்து அப்போது ஒரு வருஷம்.

ஏன் அவர் பேர் பரவவில்லை? பல காரணங்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் கூடவேலை செய்த இளைஞர்களின் பெயர்களை முன்னால் விட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்வது அவர் வழக்கம். பத்திரிகைக்காரர்களைத் தேடிப் போகிறவர் அல்லர். கம்பெனி ஆராய்ச்சியில் பேர் கம்பெனிக்குத்தான் போகும். நோபல் பரிசோ இறந்தவர்களுக்குக் கொடுக்கப்படுவதில்லை. அவர் பெயரைத் தாங்கி ஒரு காளான் வகை இருக்கிறது. 1995-இல் நூற்றாண்டையொட்டி இந்திய அரசு ஒரு தபால் தலை வெளியிட்டது. மற்றபடி சோதனைச்சாலைப் புத்தகத்தில் ஃபிஸ்கேக்குப் பக்கத்தில் ஒரு சிறு கோடு போட்டு நிற்கிறார்.

நமக்கு என்ன?

திண்டுக்கல் உள்ளிட்ட 11 ஊர்களின் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்து வைக்கப்பட்ட நாள் 2022 ஜனவரி 12. விவேகானந்தர் பிறந்த நாள் என்று எல்லோருக்கும் தெரியும். ராமகிருஷ்ண மடத்தில் சேர ஏங்கிய சுப்பாராவின் பிறந்த நாளும் அதுவே. தற்செயல்தான், ஆனால் நம் பக்கத்துப் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள வசதியான தற்செயல்.

2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு பேருக்கு ஒருவருக்கு மேல்! நம் வீட்டு அம்மா, அக்கா, தங்கை எல்லோரும் இந்தக் கணக்கில் அடக்கம். டானிக் வாங்கிக் கொடுத்தாயிற்று என்று நாம் இருந்துவிடக்கூடாது. ஹீமோகுளோபின் எண் என்ன என்று கேளுங்கள். குறைவென்றால், எது குறை, இரும்பா, ஃபோலிக் அமிலமா, பி12-ஆ என்று டாக்டரிடம் கேளுங்கள். எங்காவது ரத்தம் கசிந்து போகிறதா, வயிற்றில் கொக்கிப்புழு இருக்கிறதா, கிட்னி சரியாக இருக்கிறதா என்று கேளுங்கள். டயாலிசிஸ் எடுக்கும் உறவினர் இருந்தால் ஃபெரிட்டினும் டிரான்ஸ்ஃபெரின் செறிவும் கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று விசாரியுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. கேட்க வேண்டிய கேள்வி.

மாணவர்களுக்கு ஒன்றே ஒன்று. லேபில் நீலம் தாமதமாக வந்தால் கொட்டிவிடாதீர்கள். ஏன் தாமதம் என்று கேளுங்கள். இரண்டு தடவை ஃபெயிலான ஒரு பையன், பட்டம் மறுக்கப்பட்ட ஒரு மருத்துவர், சட்டி கழுவிய ஒரு கூலியாள், இப்படிக் கேட்டுக் கேட்டேதான் பல லட்சம் உயிர்களைக் காப்பாற்றினார். அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அடுத்த பிராக்டிகல் வகுப்பில் அந்தப் பெயரை ரெக்கார்டில் எழுதும்போது, யார் அவர் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.